‘கிரேட் காமெட்’: மூன்று வாரத்தில் கவிழ்ந்த நாடகம்

2017 ஜூலை 26, புதன்கிழமை. நியூயார்க்கின் 45-ஆம் தெருவில், இம்பீரியல் அரங்கில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இசை நாடகத்தின் தயாரிப்புத் தரப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மாண்டி பட்டின்கின் நடிக்க வருகிறார். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 3 வரை, மூன்றே வாரம். பட்டின்கின், நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளின் உலகமான பிராட்வேயில் பழுத்த நடிகர். 1980-இல் ‘எவிட்டா’வுக்காக, பிராட்வேயின் உயரிய விருதான டோனி வாங்கியவர். 2000-த்துக்குப் பிறகு அங்கே எந்த இசை நாடகத்திலும் வேடம் கட்டியதில்லை. அதனால் அறிவிப்புக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையின் தோரணை இருந்தது. அவர் வருவதற்கு வசதியாக, பியர் என்ற நாயக வேடத்தில் இப்போது நடிப்பவர் பெருந்தன்மையோடு இடம் விட்டுக் கொடுக்கிறார் என்றும் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

இடம் விட்டுக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர் அந்த வேடத்தை ஏற்று அன்றோடு பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் கறுப்பினத்தவர்.

ஒரு வெள்ளை நடிகருக்காக அவரை நகர்த்துவதா என்று கூச்சல் எழுந்தது. வெள்ளிக்கிழமை பட்டின்கின் விலகிவிட்டார். ஆகஸ்ட் 8-ஆம் தேதி, நாடகமே முடிவுக்கு வருகிறது என்ற செய்தி வந்தது. கடைசிக் காட்சி செப்டம்பர் 3. பட்டின்கின் கடைசியாக மேடையேறியிருக்க வேண்டிய அதே ஞாயிற்றுக்கிழமை.

இந்தப் பதின்மூன்று நாள் கதையை ரசிகர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கூச்சல் போட்டே ஒரு நல்ல நாடகத்தைக் கொன்றுவிட்டோம் என்பது ஒரு கட்சி. தயாரிப்பாளர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. கணக்கை முதலிலிருந்து எடுத்துப் பார்த்தால், நோயாளி ஜூலை 26-க்கு முன்பே படுக்கையில் விழுந்தாயிற்று. கூச்சல் மருந்துச் சீட்டைத்தான் கிழித்தது. அந்த மருந்து நோயைத் தீர்த்திருக்குமா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு.

87 இருக்கைகளில் தொடங்கியது

நாடகத்தின் முழுப்பெயர் ‘நடாஷா, பியர் அண்ட் தி கிரேட் காமெட் ஆஃப் 1812’. ‘போரும் அமைதியும்’ நாவலை டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு நடாஷாவும் பியரும் பழகிய மனிதர்கள். டால்ஸ்டாயின் அந்தப் பெருங்கடலிலிருந்து சுமார் 70 பக்கத்தை மட்டும் மொண்டு எடுத்தது இந்த நாடகம். ஊரில் இல்லாத ஆந்திரேவுக்கு நிச்சயிக்கப்பட்ட நடாஷா, மாஸ்கோவில் அனடோல் என்ற அழகனிடம் மயங்குகிறாள். அவனோடு ஓடிப்போகத் துணிகிறாள், மாட்டிக்கொள்கிறாள், ஊர் வாயில் விழுகிறாள். பணமும் தனிமையும் சலிப்புமாகக் குடித்துக் கிடக்கும் பியர் கடைசியில் அவளைப் பார்க்க வருகிறார். கதை அவ்வளவுதான். டேவ் மல்லாய் இசை, பாடல், எழுத்து எல்லாவற்றையும் தானே செய்தார். ரேச்சல் சாவ்கின் இயக்கினார்.

2012 அக்டோபரில் ஆர்ஸ் நோவா என்ற சின்னஞ்சிறு அரங்கில் தொடங்கியது. 87 இருக்கை. பியராக மல்லாயே நடித்தார். நடாஷாவாக நடித்தவர் ஃபிலிப்பா சூ. பின்னால் ‘ஹாமில்டன்’ என்ற பிராட்வே இசை நாடகம் மூலம் உலகத்துக்கே தெரிந்தவர். அடுத்த ஆண்டு நாடகம் ஒரு கூடாரத்துக்குப் போனது. ‘காசினோ’ என்ற பெயரில் ரஷ்ய விடுதிபோல அலங்கரித்த கூடாரம். பார்வையாளர்கள் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள், நடிகர்கள் தட்டுகளுக்கு நடுவே புகுந்து ஓடுவார்கள். முதலில் நகரின் மேற்கே இறைச்சிக் கிடங்குகள் இருந்த பகுதியில், பிறகு அதே 45-ஆம் தெருவில், இம்பீரியலுக்குப் பக்கத்தில். 2015 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துக்குப் போய், திரும்பி வந்து, 2016 நவம்பர் 14 அன்று இம்பீரியலில் அரங்கேறியது.

கூடாரத்தை எப்படிப் பெரிய அரங்குக்குள் கொண்டுபோவது? அரங்க அமைப்பாளர் மிமி லியென், அரங்கையே கூடாரமாக்கிவிட்டார். சுவரெங்கும் சிவப்பு வெல்வெட் திரை, அதன்மேல் சட்டம்போட்ட ஓவியங்கள், உத்தரத்திலிருந்து நட்சத்திரம் வெடித்ததுபோல் தொங்கும் விளக்குகள். மேடைமேலேயே பார்வையாளர்களுக்கு இருக்கைகள், சின்ன மேசைகள், மேசைமேல் விளக்கு. மேடையிலிருந்து இருக்கைகளுக்கு நடுவே நடைபாதைகள் வளைந்து வளைந்து போயின; மாடி வரைக்கும் நடிகர்கள் ஏறி ஓடினார்கள். காட்சி தொடங்குமுன் பூரணம் வைத்த ஒரு பலகாரம் சின்ன அட்டைப் பெட்டியில் கைக்கு வந்துவிடும். முட்டை வடிவத்தில் ஒரு குலுக்கு வாத்தியமும் பார்வையாளர்களிடம் கொடுத்து வைத்திருப்பார்கள்; கூத்தும் கும்மாளமுமான காட்சி வரும்போது அரங்கம் முழுவதும் அதைக் குலுக்கும். பாத்திரங்கள் எழுதும் கடிதம் பார்வையாளர்கள் கை மாறித்தான் போய்ச் சேரும்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ரசிகர்களின் ஒட்டுதலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நடாஷாவின் கடிதத்தைக் கையில் வாங்கிப் பக்கத்து இருக்கைக்குக் கொடுத்தவருக்கு அந்த நாடகத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. நம் வீட்டு விஷயத்தில் இன்னொருவர் முடிவெடுத்தால் வரும் கோபம் வேறு. தெருவில் நடப்பதைப் பார்த்து வரும் கோபம் வேறு. ஜூலை 26-இல் வந்தது முதல் வகைக் கோபம்.

இன்னொரு காரணமும் உண்டு. இம்பீரியலில் ரஷ்யப் பிரபு வீட்டுப் பெண் நடாஷாவாக நடித்தவர் டெனே பென்டன், கறுப்பினப் பெண். முப்பதுக்கும் மேற்பட்டோர் கொண்ட அந்தக் குழுவில் பல நிறத்தவர் இருந்தார்கள்; அதைப் பற்றி நாடகத்துக்குள் ஒரு வார்த்தை விளக்கமும் கிடையாது. பிராட்வே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இளம் ரசிகர்கள் இந்த நாடகத்தைத்தான் கைகாட்டிப் பேசினார்கள். கைகாட்டிய இடத்திலேயே அடி விழுந்தது.

ஒரு தூணில் நின்ற மாளிகை

இனி பணக் கணக்கு. நாடக ரசிகர்கள் இதைப் படிக்கும்போது முகம் சுளிப்பார்கள். எனக்கும் பிடித்தமான பகுதி இல்லை. ஆனால் இதைத் தாண்டினால் ஒன்றும் விளங்காது.

87 இருக்கையில் பிறந்த நாடகத்தைப் பிராட்வேக்குக் கொண்டுவர ஆன முதலீடு 1 கோடியே 40 லட்சம் டாலர். அந்தப் பணம் திரை உயர்வதற்கு முன்பே செலவாகிவிடும். பிறகு வாரா வாரம் ஒரு தனிச் செலவு உண்டு: அரங்க வாடகை, நடிகர்கள், இசைக் கலைஞர்கள், மேடைத் தொழிலாளர்கள், விளம்பரம். வாரத்துக்கு எட்டுக் காட்சி. எட்டுக் காட்சியின் வசூல் முதலில் இந்த வாரச் செலவை அடைக்க வேண்டும். மிஞ்சினால்தான் முதலீட்டாளருக்குச் சல்லிக்காசு. செவ்வாய் இரவு காலியாகக் கிடந்த இருக்கையைப் புதன்கிழமை விற்க முடியாது, மாலைச் சந்தையில் மீந்த வெண்டைக்காயைப் போல. வாரச் செலவுக்குக் கீழே வசூல் இறங்கிவிட்டால் ஓடும் ஒவ்வொரு வாரமும் கைப்பணத்தைத் தின்னும்.

இந்தச் செலவைத் தாங்க ஒரு தூண் நட்டார்கள். அதன் பெயர் ஜாஷ் கிரோபன். இசைத்தட்டுகளைக் கோடிக்கணக்கில் விற்ற பாடகர். பிராட்வேயில் அதுதான் அவருக்கு முதல் மேடை. உடம்பில் பஞ்சு கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பியானோவும் அக்கார்டியனும் வாசித்தபடி பியராக நடித்தார். அவர் குரலுக்காகவே மல்லாய் புதிதாக ஒரு தனிப்பாடல் எழுதிச் சேர்த்தார். கிரோபன் நடித்த நாட்களில் வார வசூல் பெரும்பாலும் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. வெளியூரிலிருந்து வந்து டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு டால்ஸ்டாயும் தெரியாது, மல்லாயும் தெரியாது. கிரோபன் பாடுகிறார், போய்க் கேட்போம். அவ்வளவுதான்.

2017 டோனி விருதுகளுக்கு 12 பரிந்துரைகள் கிடைத்தன. அந்த ஆண்டில் வேறெந்த நாடகத்துக்கும் அத்தனை கிடைக்கவில்லை. ஜூன் 11 இரவு கைக்கு வந்தது இரண்டு: மிமி லியெனின் அரங்க அமைப்புக்கு ஒன்று, பிராட்லி கிங்கின் ஒளியமைப்புக்கு ஒன்று. சிறந்த இசை நாடகம் ‘டியர் இவான் ஹான்சன்’ ஆயிற்று. ‘சிறந்த இசை நாடகம்’ என்ற மூன்று சொல்லை வாசல் பலகையில் ஏற்ற முடிந்தால் கோடையைத் தாண்டிவிடலாம் என்பது பிராட்வேயில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அது கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஜூலை 2-ஆம் தேதி, கிரோபன் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார்.

என் பார்வையில் நாடகம் விழுந்த நாள் அதுதான். ரசிகர்கள் யாரும் அன்று கோபப்படவில்லை; பூங்கொத்து கொடுத்து வழியனுப்பினார்கள்.

தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய தூணுக்குப் பதில் இரண்டு சிறிய தூண்கள். நடாஷாவின் ஒன்றுவிட்ட சகோதரி சோனியாவின் வேடத்துக்குப் பாடகி இங்கிரிட் மைக்கேல்சனைக் கூட்டி வந்தார்கள். ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 13 வரை. தொடக்க நாளிலிருந்து சோனியாவாக நடித்துவந்த பிரிட்டன் ஆஷ்ஃபோர்ட் அதற்காக ஒதுங்கினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தவர் வருவதற்காக இருப்பவர் ஒதுங்குவது இந்த நாடகத்தில் அந்தக் கோடையிலேயே ஒருமுறை நடந்தது. பெரிய சத்தம் எழவில்லை. பியர் வேடத்துக்கு ‘ஹாமில்டன்’ முதல் குழுவைச் சேர்ந்த ஓக்கிரியெட்டே ஓனாடவன்.

ஓக்

ரசிகர்கள் அவரை ‘ஓக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஹாமில்டன்’ நாடகத்தில் ஹெர்குலிஸ் மல்லிகன், ஜேம்ஸ் மாடிசன் என்று இரண்டு வேடம் கட்டியவர். ஃபிலிப்பா சூ இங்கிருந்து ‘ஹாமில்டன்’ போனார். ஓக் அங்கிருந்து இங்கே வந்தார். இரண்டு நாடகங்களுக்கும் ஏறக்குறைய ஒரே இளம் ரசிகர் கூட்டம் என்பதால் அவர் வருகை அறிவிக்கப்பட்டபோது கொண்டாட்டம்தான்.

பியர் வேடம் லேசானது இல்லை. கிரோபனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அத்தோடு காட்சிக்குக் காட்சி அக்கார்டியனையும் பியானோவையும் கையாள வேண்டும். ஜூலை 3-ஆம் தேதி தொடங்க வேண்டிய ஓக், ஜூலை 11-ஆம் தேதிதான் மேடையேறினார். இடைப்பட்ட நாட்களில் வேறு ஏற்பாடு செய்து சமாளித்தார்கள். செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் ஓக்கின் ஒப்பந்தம். ஜூலை 26 அறிவிப்பு அதை ஆகஸ்ட் 13-க்குச் சுருக்கியது. பறிபோனது மூன்று வாரம்.

கறுப்பின நாடகக் கலைஞர்களைப் பற்றி எழுதிவந்த ‘பிராட்வே பிளாக்’ இணையதளம் முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒன்று. ஒரு கறுப்பின நடிகர் நாயக வேடத்தில் நிற்கிறார். இரண்டு வாரத்தில் அவரை நகர்த்திவிட்டு ஒரு வெள்ளை நடிகரை நிறுத்துகிறார்கள். அதையும் அவரே விரும்பிச் செய்ததுபோல் எழுதுகிறார்கள். முந்தைய ஆண்டு ‘தி கலர் பர்பிள்’ நாடகத்துக்காக டோனி வென்ற சிந்தியா எரிவோவும் வெளிப்படையாகக் கண்டித்தார். ‘இடம் விட்டுக் கொடுத்தார்’ என்ற தயாரிப்பாளரின் சொல்லையே ரசிகர்கள் பிடித்துக்கொண்டு திருப்பி அடித்தார்கள்: ஓக்குக்கு இடம் கொடு. அதுவே அந்த வாரத்தின் முழக்கமாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஆஷ்ஃபோர்ட் ஒதுங்கியபோது எழாத சத்தம் ஓக் ஒதுக்கப்பட்டபோது எழுந்ததை இரட்டை அளவுகோல் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஷ்ஃபோர்ட் எட்டு மாதம் அந்த வேடத்தில் நின்று, திரும்பி வரும் தேதியோடு ஒதுங்கியவர். ஓக் வந்து கால் ஊன்றுமுன்பே கிளப்பப்பட்டவர். திரும்பி வருவதற்குத் தேதி கிடையாது. பிராட்வேயில் கறுப்பின நடிகர்களுக்கு எத்தனை நாயக வேடம் கிடைத்துவந்தது என்ற பழைய கணக்கும் பின்னால் நிற்கிறது. அநியாயத்தை மோப்பம் பிடித்ததில் ரசிகர்கள் மூக்கு சரியாகவே வேலை செய்தது.

மூக்குக்கு எட்டாதது வேறொன்று. அது அறிவிப்பிலேயே இல்லை.

பட்டின்கின் வெள்ளிக்கிழமை விலகினார். தன்னிடம் சொல்லப்பட்டதும் வெளியில் சொல்லப்பட்டதும் ஒன்றாக இல்லை, இன்னொரு நடிகருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தால் எந்த வேடத்தையும் ஏற்கமாட்டேன், கண்டித்தவர்கள் சொல்வது சரி என்று சுருக்கமாக ஓர் அறிக்கை. அந்த வாரம் முழுவதும் வெளிவந்த சொற்களில் நெருடல் இல்லாதவை அவருடையவை மட்டும்தான். தயாரிப்பாளர் ஹாவர்ட் கேகன், மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஓக் மறுபடி நீடிக்க வழி திறந்ததுபோல் தோன்றியது. அவர் மறுத்துவிட்டார்: ஆகஸ்ட் 13 என்றால் ஆகஸ்ட் 13, அதற்குமேல் திரும்பமாட்டேன். அவமானப்பட்ட வீட்டில் இரண்டாம் பந்திக்கு உட்காராத மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, பியர் வேடத்துக்கு இரண்டு பேர் இருந்த நாடகத்தில் ஒருவரும் இல்லாமல் போனார்.

பிந்தி வந்த எண்கள்

இந்த அமளிக்கு நடுவில் டேவ் மல்லாய் ட்விட்டரில் சில வரிகள் எழுதினார். இந்த வழக்கின் முக்கியமான சாட்சியம் அதுதான். நாடகம் படுமோசமான நிலையில் இருந்தது, ஆகஸ்ட் 13-இல் இங்கிரிட் மைக்கேல்சன் போன பிறகான நாட்களுக்கு விற்பனை பயங்கரமாக விழுந்திருந்தது, பெயர் தெரிந்த ஒருவர் வராவிட்டால் மூடியிருப்போம் என்பது அவர் சொன்னதன் சாரம். இனம் சார்ந்த இந்தக் கோணம் தன் கண்ணில் படாமல் போனதற்கும் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அதாவது, பட்டின்கின் வருகை கொண்டாட்டமாகத் திட்டமிடப்பட்டது இல்லை. மூழ்கும் படகில் இருந்தவர்கள் வீசிய கயிறு அது. முப்பது நாற்பது நடிகர்களின் சம்பளம், இசைக் கலைஞர்கள், மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றில் தொங்கினார்கள். ஆனால் வெளியே வந்த அறிவிப்பில் நீர் மட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டுச் சட்டை போட்டு வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது.

ஏன் மறைத்தார்கள்? பிராட்வேயில் ‘வியாபாரம் சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வது சாவு மணி. கேள்விப்பட்டவுடன், மூன்று மாதம் கழித்து வர இருந்தவர் வேறு நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவார். அதனால் எல்லா நாடகமும் கடைசி நாள் வரைக்கும் அமோகமாக ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர்த் திரையரங்கு வாசலில் ‘இன்றே கடைசி’ என்று நான்கு நாள் தொங்கும் சுவரொட்டிக்கு நேர் எதிரான வியாபாரம் இது. வசூல் எண்கள் வாரா வாரம் பத்திரிகையில் வருவது உண்மை. ஆனால் வந்துபோன வாரத்தின் வசூலைத்தான் அதில் பார்க்கலாம். வரப்போகும் வாரங்களின் முன்பதிவு கல்லாவில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். ஆகஸ்ட் 13-க்குப் பிறகு இருந்த பள்ளம் ரசிகர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இந்தத் தயாரிப்புக்கு வார்த்தையில் சறுக்குவது புதிதும் இல்லை. அரங்கேற்றத்துக்கு முன்பு, நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஆர்ஸ் நோவாவின் பெயரை எந்த வாசகத்தில் போடுவது என்பதற்காகவே சண்டை மூண்டு, நாடகம் பிறந்த வீடே தயாரிப்பாளர் மேல் வழக்குப் போடும் அளவுக்குப் போய், பிறகு சமரசமானது. ஒற்றை வரி. அதற்கு வழக்கறிஞர் செலவு.

ஒரு கற்பனை செய்துபார்க்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. ஜூலை 26 அன்று அறிவிப்பு இப்படி வந்திருந்தால்? ‘ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு எங்களுக்குப் பார்வையாளர்கள் இல்லை. மூடாமல் இருக்க ஒரு வழி தேடுகிறோம். ஓக்கிடம் கேட்டோம், பட்டின்கினிடம் கேட்டோம்.’ அப்போதும் சிலர் கோபப்பட்டிருப்பார்கள். ஓக்குக்காகவே டிக்கெட் வாங்கும் ஓர் இயக்கம் கிளம்பியிருக்கவும் கூடும். இந்த ரசிகர்கள் அப்படிப்பட்டவர்கள். பணம் கேட்டு வருபவரிடம் கோபிப்பதைவிட, பணம் கேட்கும் நிலையில் இருந்துகொண்டு பவிசு காட்டுபவரிடம் கோபிப்பது எளிது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டின்கின் வந்திருந்தாலும் செப்டம்பர் 3-ஆம் தேதியோடு கிளம்பியிருப்பார். அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்த செப்டம்பர், பிராட்வேயில் காற்று வாங்கும் மாதம். சுற்றுலாக்காரர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அந்த மாதத்துக்கு வேறொரு பெயர் தேட வேண்டியிருந்திருக்கும், அக்டோபருக்கு இன்னொன்று. மூன்று வாரம் கிடைத்திருந்தால் தேடுவதற்கு மூன்று வாரம் கிடைத்திருக்கும். அதற்குமேல் அந்த மருந்தில் சத்து இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாடகம் மூடியது பட்டின்கினின் கடைசி நாளாக இருந்திருக்க வேண்டிய அதே தேதியில் என்பதைக் கூச்சல்தான் கொன்றது என்பவர்கள் ஒருமுறை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு ரசிகர்கள்

ஆகஸ்ட் 8-ஆம் தேதிக்குப் பிறகு ரசிகர்களிடம் எழுந்த இரண்டாவது அலை முதல் அலையைவிடச் சிக்கலானது. இரண்டு வாரத்துக்கு முன் ஓக்குக்காகக் கத்தியவர்களே இப்போது நாடகத்துக்காக அழுதார்கள். ‘நீங்கள் செய்ததுதான் இது’ என்று அவர்களைப் பார்த்துச் சிலர் விரல் நீட்டினார்கள். நீதி கேட்டதற்கு இதுவா கூலி என்று அவர்கள் திரும்பக் கேட்டார்கள். நாடகத்தை இத்தனை பேர் நேசிக்கும்போது எப்படி இருக்கை காலியாக இருக்கும் என்ற கேள்வி மட்டும் இரண்டு பக்கமும் திகைப்போடு எழுந்தது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது என் மீதே குற்றச்சாட்டாகவும் இருக்கிறது. நான் இந்த நாடகத்தை மேடையில் பார்த்தவன் இல்லை. கேட்டவன். 2013-இல் கூடாரக் குழுவின் பதிவு ஒன்று வந்தது. 2017 மே மாதம் பிராட்வே குழுவின் பதிவு வந்தது. இந்த நாடகம் முழுக்க முழுக்கப் பாட்டு. மற்ற இசை நாடகங்களின் பதிவைக் கேட்டால் பாட்டுக்கு நடுவே கதை விட்டுப்போகும். மிச்சத்தைப் பார்க்கவாவது அரங்குக்குப் போகத் தோன்றும். இதில் பதிவு முடியும்போது நாடகமும் முடிந்துவிடுகிறது. ஒரு வரி விடாமல் கதை காதுக்குள் வந்துவிடுகிறது. டெக்சாஸில், மணிலாவில், சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாகப் பாடும் ரசிகர் உருவாக இதைவிட நல்ல வழி கிடையாது. அவர்கள் நேசம் பொய் இல்லை. அந்த நேசத்தால் செவ்வாய் இரவு இம்பீரியலில் ஓர் இருக்கை நிறையாது.

பதிவில் வராத ஒன்றைச் சொல்கிறேன். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் பியர் நடாஷாவைப் பார்க்க வருகிறார். அவள் உடைந்து கிடக்கிறாள், தனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறாள். இரண்டரை மணி நேரமாகப் பாட்டால் மட்டுமே பேசிக்கொண்டிருந்த நாடகம் அந்த இடத்தில் நிற்கிறது. பியர் பாடுவதை விட்டுப் பேசுகிறார். நாடகம் முழுவதிலும் பேச்சாக வரும் வசனம் அது ஒன்றுதான். டால்ஸ்டாய் எழுதிய வசனம். தான் தானாக இல்லாமல், உலகத்திலேயே அழகானவனாகவும் அறிவாளியாகவும் சிறந்தவனாகவும், கட்டுகள் இல்லாதவனாகவும் இருந்தால், இந்த நிமிடமே மண்டியிட்டு உன் கையைக் கேட்பேன் என்கிறார். பதிவில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. சற்று முன்பு குலுக்குகளைக் குலுக்கிக்கொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கும் அமைதி பதிவில் எப்படி வரும்? பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியது அதைப் பற்றித்தான். அதைக் கேட்பதற்கு நானும் என்னைப் போன்றவர்களும் டிக்கெட் வாங்கவில்லை. வாங்கும் தூரத்திலும் இல்லை.

கிரோபனுக்காக வந்தவர்கள் டிக்கெட் வாங்கினார்கள், நாடகத்தை நேசித்தார்களா தெரியாது. நாடகத்தை நேசித்தவர்கள் டிக்கெட் வாங்கும் இடத்தில் இல்லை. 1 கோடியே 40 லட்சம் டாலர் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டது. பக்கத்து 44-ஆம் தெருவில் பெட் மிட்லரைக் கொண்டு ‘ஹலோ, டாலி!’ அதே கோடையில் பணத்தை வாரிக் குவித்துக்கொண்டிருந்தது. அங்கேயும் ஒற்றைத் தூண்தான். ஆனால் டாலி அரை நூற்றாண்டாக ஊரறிந்த பெயர். நடாஷாவையும் பியரையும் பாதசாரியிடம் அறிமுகப்படுத்தவே கிரோபன் தேவைப்பட்டார்.

செப்டம்பர் 3-க்குப் பிறகு

கடைசி வாரங்களில், கேம்பிரிட்ஜில் பியராக நடித்திருந்த ஸ்காட் ஸ்டாங்லண்டும், மறுபடியும் மல்லாயுமே அந்த வேடத்தைத் தாங்கினார்கள். 32 வெள்ளோட்டக் காட்சிகள், 336 முழுக் காட்சிகள். முதலீடு திரும்பவில்லை. இம்பீரியலின் சிவப்புத் திரைகளைக் கழற்றி, நடைபாதைகளைப் பெயர்த்து, அரங்கைப் பழைய அரங்காக்கினார்கள். அடுத்த ஆண்டு அங்கே ‘கேரசல்’ நடந்தது.

ரேச்சல் சாவ்கின் இரண்டு ஆண்டு கழித்து, 2019-இல், ‘ஹேட்ஸ்டவுன்’ இயக்கத்துக்காக டோனி வாங்கினார். அதுவும் சிறிய அரங்கில் முளைத்து மெல்ல வளர்ந்த நாடகம்தான். தலைப்புக்கு மேலே ஒற்றை நட்சத்திரத்தின் பெயரை நம்பாமல் வந்தது என்பதை நான் கவனித்தேன். அதற்கும் இந்தக் கோடைக்கும் தொடர்பு உண்டா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

‘கிரேட் காமெட்’ பிறகு பிரேசிலிலும் ஜப்பானிலும் மேடையேறியது. லண்டனுக்கு வர 2024 டிசம்பர் ஆயிற்று. வந்த இடம் டான்மார் வேர்ஹவுஸ். டிம் ஷீடர் இயக்கம். பியராக டெக்லன் பென்னட், நடாஷாவாக சுமிசா டார்ன்ஃபோர்ட்-மே. அங்கே 251 இருக்கை. வாரத்துக்கு எட்டுக் காட்சி என்றால் 2,008 டிக்கெட். இம்பீரியலில் மேடைமேல் போட்டதையும் சேர்த்து இருந்த சுமார் 1,200 இருக்கைக்கு, அதே எட்டுக் காட்சியில் விற்க வேண்டியிருந்தது 9,600.